எந்த கேமரா வாங்கலாம்? அதுக்கு அடுத்த கேள்வி

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

மெட்ரோல ஹெட்போன் மாட்டிட்டு நிக்கிறவங்க, ராத்திரி பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குப் பேசப்போறது போட்டோகிராபி. பயந்துடாதீங்க, அப்பர்ச்சர், ஐஎஸ்ஓன்னு கிளாஸ் எடுக்கப் போறதில்லை.

ஒரு போட்டோகிராபர் கல்லூரிக்கு வந்து பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஸ்லைடு ஓடும். லைட் போட்டதும் மைக் மாணவர்கள் கைக்குப் போகும். முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எந்த கேமரா யூஸ் பண்றீங்க?" அடுத்தது, "எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" மூன்றாவது கேள்வியை யாரும் மைக்கில் கேட்க மாட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகு, மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்பார்கள்: "இதுல சோறு கிடைக்குமா சார்?"

மூணுமே நியாயமான கேள்விதான். நம்ம ஃபீல்டுலயும் இதே மூணுதான். எந்த லேப்டாப், எந்த லாங்குவேஜ், எவ்வளவு பேக்கேஜ். இந்த எபிசோடில் இந்த மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சில போட்டோ கலைஞர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று பார்க்கப் போகிறோம். அவங்க மேடையில சொன்ன பதிலை விட, அவங்க வேலை செஞ்ச விதம் ரொம்ப நல்ல பதிலா இருக்கு.

அறிவுரை இல்லாத அறிவுரைப் புத்தகம்

முதல்ல ஒரு அமெரிக்கக்காரர். அலெக் சோத். மினியாபொலிஸ் நகரத்துக்காரர், 1969-ல் பிறந்தவர். மிசிசிப்பி ஆற்றங்கரையோரம் பயணம் செய்து அவர் எடுத்த படங்கள் 2004-ல் புத்தகமாக வந்தன. அதிலிருந்துதான் உலகம் அவரைக் கவனித்தது. அந்தப் படங்களுக்கு அவர் பயன்படுத்தியது எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடுகிற பெரிய மரப்பெட்டி கேமரா. ஸ்டாண்டு போட்டு, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் பண்ண வேண்டும். ஒரு ஷீட்டுக்கு ஒரே ஒரு படம். நம்ம தாத்தா காலத்து ஸ்டுடியோ கேமரா மாதிரின்னு வச்சுக்கோங்க.

இவர் 2022-லிருந்து 2024 வரைக்கும் அமெரிக்காவில் 25 கல்லூரிகளின் கலைத்துறைகளுக்குப் போனார். மாணவர்களையும் அவர்களுடைய வகுப்பறைகளையும் படம் எடுத்தார். 2024-ல் அது புத்தகமாக வந்தது. தலைப்பு, 'இளம் கலைஞர்களுக்கு அறிவுரை'. தலைப்பைப் பார்த்து, 'வெற்றிக்குப் பத்து வழிகள்' இருக்கும்னு நம்பித் திறந்தா, உள்ளே அப்படி எதுவும் இல்லை. மாணவர்களின் முகங்கள், வகுப்பறைப் பொருட்கள், ஒட்டுத்தாளில் எழுதிய பாதி பாதி வாசகங்கள், நடுநடுவே அந்த இளைஞர்கள் கூட்டத்தில் ஒட்டாமல் நிற்கிற சோத்தே ஒன்றிரண்டு படங்களில்.

எனக்கு இதுல பிடிச்சது அந்த நேர்மை. ஐம்பது வயசைத் தாண்டிய, பேர் வாங்கிய ஒருத்தர், சொல்லிக் கொடுக்கப் போற மாதிரி போய், மாணவர்களைப் பாத்துட்டு, பாத்ததைக் காட்டிட்டு வந்திருக்கார். அறிவுரையை வாயால் கொடுக்க முடியாது என்பதை ஒரு புத்தகமாகவே போட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்போ மாணவருக்கு என்னதான் கிடைக்கும்? அதுக்கு நம்ம ஊர்க்கதை ஒண்ணு இருக்கு.

முதல் கேள்வி: எந்த கேமரா?

1980-களின் தொடக்கம். அகமதாபாத். தேசிய வடிவமைப்புக் கழகம், சுருக்கமா என்.ஐ.டி. (திருச்சி என்.ஐ.டி. இல்லை மக்களே, அது நம்ம ஆளுங்க படிக்கிற இடம். இது வேற.) அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, கல்லூரி வேலைக்காகப் படம் எடுக்க ஒரு தபேலா கச்சேரிக்குப் போகிறார். வாசிப்பவர் ஜாகிர் உசேன். ஏற்பாட்டாளர்கள் படம் எடுக்க விடவில்லை. தள்ளுமுள்ளில் அந்தப் பொண்ணு கீழே விழுந்துவிடுகிறார். எழுந்து நேராக ஜாகிர் உசேனிடமே போய், இன்னைக்கு நான் ஒரு மாணவிதான், ஒருநாள் பெரிய போட்டோகிராபரா ஆவேன், அப்போ பாத்துக்கலாம்ங்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். கோபப்படாமல், அவர் அந்தப் பொண்ணுக்குப் படம் எடுக்க இடம் கொடுத்தார்.

அந்த மாணவிதான் தயாநிதா சிங். 1961-ல் டெல்லியில் பிறந்தவர். இன்றைக்கு உலகத்தின் முக்கியமான போட்டோ கலைஞர்களில் ஒருவர். இந்தக் கதையை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

கதை அன்னைக்கு ஒருநாளோட முடியலை. அதற்குப் பிறகு ஆறு குளிர்காலங்கள் அவர் ஜாகிர் உசேனோடும் மற்ற இந்துஸ்தானி இசைக்கலைஞர்களோடும் ஊர் ஊராகப் பயணம் போனார். நமக்கு மார்கழி சீசன் மாதிரி வட இந்தியாவுக்குக் குளிர்காலம்தான் கச்சேரி சீசன். ஆறு சீசன்! மேடையில் வாசிப்பது மட்டுமில்லை, பயணத்தில் தூங்குவது, சாப்பிடுவது, வீட்டில் உட்கார்ந்து சாதகம் பண்ணுவது எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தார். 1986-ல் அது அவருடைய முதல் புத்தகமாக வந்தது. மாணவியாக அவர் கையால் செய்து வைத்திருந்த மாதிரிப் புத்தகத்தை ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் 2019-ல் அப்படியே நகலெடுத்து வெளியிட்டது.

ஜாகிர் உசேனைத் தன் முதல் குரு என்று சொல்கிறார் தயாநிதா. போட்டோகிராபியில் குரு ஒரு தபேலாக்காரர்! அவரிடம் கற்றுக்கொண்டது என்ன என்றால் 'ரியாஸ்' என்கிறார். நம்ம தமிழ்ல அதுக்கு அழகான வார்த்தை இருக்கு, சாதகம். பாட்டு கத்துக்கிட்டவங்களுக்குத் தெரியும். கச்சேரி இருக்கோ இல்லையோ, விடியக்காலையில் எழுந்து அதே சரளி வரிசையை மறுபடி மறுபடி பாடுகிற வேலை. நேத்துப் பாடினதுதான். நாளைக்கும் அதேதான். ஆனா குரல் மட்டும் நேத்து இருந்த இடத்துல இருக்காது.

இப்போ கேமரா கேள்விக்கு வருவோம். தயாநிதா நீண்டகாலம் வேலை செய்தது ஹாசல்பிளாட் என்கிற சதுர வடிவ ஃபிலிம் கேமராவில். அதில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். பன்னிரண்டு முடிந்தால் நிறுத்தி, புது ரோல் மாட்ட வேண்டும். பிறகு அந்த ரோலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரே தாளின் மேல் வரிசையாக வைத்து, நெகட்டிவ் அளவிலேயே பிரிண்ட் போடுவார்கள். அதற்குப் பேர் கான்டாக்ட் ஷீட். நல்ல படம், ஆடிப்போன படம், கண் மூடிய படம் எல்லாம் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நீங்க ஒரு ஆள்கிட்ட எப்படிப் போனீங்க, எங்க தயங்குனீங்க, எப்போ அவசரப்பட்டீங்கன்னு அந்தத் தாள் காட்டிக் கொடுத்துடும். டெவலப்பர்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, அதான் கமிட் ஹிஸ்டரி.

தயாநிதா தன் பழைய கான்டாக்ட் ஷீட்டுகளுக்கு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகிறவர். எடுத்த படம் வெறும் கச்சாப் பொருள்தான் என்பது அவர் அடிக்கடி சொல்லும் விஷயம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், எந்த அளவில், சுவரிலா புத்தகத்திலா பெட்டியிலா, யார் கையில் போய்ச் சேரப்போகிறது, அதில்தான் வேலையே தொடங்குகிறது. 2008-ல் 'ஒரு கடிதம் அனுப்பினேன்' என்று அர்த்தம் வரும் தலைப்பில் ஏழு சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்து வெளியிட்டார். ஒவ்வொன்றும் விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக விரியும். விரித்து மேசையில் நிறுத்தினால் வீட்டிலேயே ஒரு கண்காட்சி. கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடையின் கண்ணாடி ஜன்னலிலும் அதைப் பார்வைக்கு வைத்தார். நெக்லஸ் பாக்க நிக்கிறவங்க போட்டோவையும் பாத்துட்டுப் போவாங்க. கேலரிக்குள்ள நுழையத் தயங்குறவங்க நகைக்கடை வாசல்ல நிக்கத் தயங்க மாட்டாங்க இல்லையா?

ஆக, "எந்த கேமரா?"ங்கிற கேள்விக்கு அவர் வாழ்க்கை சொல்ற பதில்: ஏதோ ஒண்ணு. எடுத்ததுக்கு அப்புறம் அதோட எத்தனை வருஷம் உக்காரப்போறே, அதைச் சொல்லு.

திருப்பிக் கொடுத்த ஃபிலிம் ரோல்

தயாநிதாவைப் பத்தி இன்னொரு கதையும் சொல்லணும், ஏன்னா இது கேமரா கேள்விக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வேறொரு கேள்வி.

1989. லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக டெல்லித் திருநங்கைகளைப் படம் எடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அப்படித்தான் மோனா அகமதைச் சந்தித்தார். படம் எடுத்தாகிவிட்டது. எந்தப் பத்திரிகைக்கு என்ற பேச்சு வந்தபோது மோனாவுக்குத் தெரிந்தது, இது லண்டனில் வரப்போகிறது என்று. அங்கே தனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துவிடக் கூடாது, ஃபிலிமைக் கொடுத்துவிடு என்று கேட்டார்.

கொஞ்சம் நிதானமா யோசிங்க. இருபதுகளின் கடைசியில் இருக்கிற ஒரு போட்டோகிராபர். வெளிநாட்டுப் பத்திரிகை வேலை. டிஜிட்டல் கிடையாது, பேக்கப் கிடையாது. ரோல் போனா எல்லாம் போச்சு. தயாநிதா ஃபிலிமைக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மோனாவின் வாழ்க்கையில் அவர் ஒரு தோழியாகவே இருந்தார். மோனா ஒரு குழந்தையைத் தத்தெடுத்தது, அந்தக் குழந்தை பிரிந்து போனது, சொந்தக் குழுவிலிருந்து விலக்கப்பட்டு டெல்லியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் தனியாக வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தது, எல்லாவற்றுக்கும் தயாநிதா பக்கத்தில் இருந்தார். 2001-ல் 'நான் மோனா அகமது' என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் வந்தது. அதில் வார்த்தைகள் மோனாவுடையவை. பதிப்பாளருக்கு அவர் சொல்லச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள். 2017-ல் மோனா இறக்கும் வரை அந்த நட்பு தொடர்ந்தது.

அந்த ரோலை அன்று கொடுக்காமல் இருந்திருந்தால் பத்திரிகையில் ரெண்டு பக்கம் வந்திருக்கும். அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. கொடுத்ததால் கிடைத்தது ஏறக்குறைய முப்பது வருஷம். இதை ஏதோ புத்திசாலித்தனமான முதலீடு மாதிரி நான் சொல்லலை. அவங்களுக்கு அன்னைக்கு இது எதுவுமே தெரியாது. ஒருத்தர் 'வேண்டாம்'னு சொன்னார், இவங்க கேட்டாங்க. அவ்வளவுதான்.

ஸ்ட்ரீட் போட்டோகிராபி பண்ற நண்பர்களுக்கு இதுல யோசிக்க நிறைய இருக்கு. காசிமேட்டுல, சவுகார்பேட்டைல ஞாயித்துக்கிழமை காலைல கேமராவோட எத்தனை பேர் சுத்துறோம்! கிளிக் பண்ணிட்டு நகர்ந்துடுறோம். அந்த அம்மா "எதுக்குப்பா எடுக்கிறே, டிலீட் பண்ணு"ன்னு சொன்னா பண்ணுவோமா? இல்ல, "பப்ளிக் பிளேஸ்தானே"ன்னு வாதாடுவோமா?

இரண்டாவது கேள்வி: ஸ்டைல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதுக்கு சோஹ்ராப் ஹூரா. 1981-ல் மேற்கு வங்கத்தில் பிறந்தவர். டெல்லியில் படித்தது பொருளாதாரம், முதுகலை வரைக்கும். 2014-ல் மேக்னம் என்கிற உலகப் புகழ்பெற்ற போட்டோகிராபர்கள் கூட்டமைப்பில் சேர்க்கப்பட்டு, 2020-ல் முழு உறுப்பினர் ஆனார்.

1999-ல், இவருக்கு 17 வயது இருக்கும்போது, அம்மாவுக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, இருப்பது தெரிந்தது. வீட்டுக்கு வெளியே உலகம். வீட்டுக்குள்ளே கதவை மூடிக்கொண்ட ஒரு வாழ்க்கை. போட்டோகிராபியில் இறங்கிக் கொஞ்ச காலம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குள் கேமராவைத் திருப்பினார். 2015-ல் வந்த முதல் புத்தகம் கறுப்பு வெள்ளை. கரடுமுரடான, நாட்குறிப்பு மாதிரியான படங்கள். அடுத்து 2018-ல் வந்தது கலர்ப் படங்கள். அம்மாவும் எல்சா என்கிற அவர்களுடைய நாயும். சோகத்தைப் பிழியும் படங்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். புத்தகத்தின் தலைப்பே 'பாரு, வெளியில வெயில் வருது!' என்கிற மாதிரி மூன்று ஆச்சரியக்குறியோடு இருக்கும். அம்மாவும் நாயும் சேர்ந்து வயதாகிறார்கள், சிரிக்கிறார்கள், தூங்குகிறார்கள்.

2019-ல் 'கடற்கரை' என்று ஒரு புத்தகம். இந்தியக் கடலோரப் படங்கள், நம் தமிழ்நாட்டில் எடுத்தவையும் அதில் உண்டு. முகத்தில் அறைகிற ஃபிளாஷ் வெளிச்சம், பளீர் நிறம், வன்முறை நெடி. அம்மா படங்களை எடுத்த அதே ஆளா என்று கேட்கத் தோன்றும். பிறகு வீடியோ. இப்போது பேஸ்டலில் வரைகிறார், பெயின்ட் செய்கிறார். 2024-ல் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சி வந்தது. அதற்குப் பேர் 'அம்மா'.

இப்போ சொல்லுங்க, இவருடைய ஸ்டைல் என்ன? பிரீசெட் போட்டு விக்க முடியுமா? முடியாது. ஒவ்வொரு தடவையும் வடிவம் மாறுகிறது. மாறாமல் இருப்பது ஒன்றுதான், தன்னை விடாமல் தொந்தரவு செய்கிற சில விஷயங்களுக்கு அவர் திரும்பத் திரும்பப் போவது. வெளியிலிருந்து பார்க்கும் நாம் அதற்கு வைக்கிற பெயர்தான் ஸ்டைல். பாக்குறவங்க வைக்கிற பேரை, செய்யுறவங்க முன்கூட்டியே தேடிட்டு இருந்தா வேலை நடக்காது.

இன்ஸ்டாகிராமில் ஒரே டோனில் ஒன்பது கட்டம் அடுக்குவது ஸ்டைல் என்று நமக்குப் பழகிவிட்டது. அது தப்பில்லை. ஆனா கடைக்குப் போர்டு மாட்டுறதும் கடைக்குள்ள சரக்கு சேக்குறதும் வேற வேற வேலை.

திரும்பிப் போன ஸ்கூல்

மூன்றாவது கேள்விக்குப் போவதற்கு முன்னால் ஒருத்தரைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பணக் கேள்வி அவரிடமிருந்துதான் எனக்குத் தொடங்கியது. கௌரி கில். 1970-ல் சண்டிகரில் பிறந்தவர். ஒரு வார இதழில் போட்டோகிராபராக இருந்தார். 1999-ல் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒரு பெண்பிள்ளையை அடிப்பதைப் பார்க்கிறார். கிராமத்துப் பள்ளிகளைப் பற்றி ஒரு படக்கட்டுரை செய்யலாம் என்று நினைக்கிறார். இதழுக்கு அதில் ஆர்வமில்லை. அவர் தானாகவே கிளம்பி மேற்கு ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போனார்.

போனவர் இருபது வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்துக்காகப் போன இடத்தில் பஞ்சம், மலேரியா, கல்யாணம், சாவு எல்லாம் கண்முன்னால் நடந்தன. ஊரில் பிரசவம் பார்க்கும் ஒரு வயதான மருத்துவச்சி, தன் பேரக்குழந்தை பிறப்பதைப் படம் எடுக்க இவரைக் கூப்பிட்டார். யோசிச்சுப் பாருங்க, பிரசவ அறைக்குள்ள கேமராவோட வரச்சொல்லி ஒரு பாட்டி கூப்பிடுறாங்கன்னா, அந்த நம்பிக்கைக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? 2003-ல் லூன்கரன்சர் என்ற ஊரில் பெண்பிள்ளைகளுக்காக ஒரு திருவிழா நடந்தபோது, கௌரி அங்கே ஒரு கூடாரத்தில் போட்டோ ஸ்டுடியோ போட்டார். எப்படி நிற்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது, யாரோடு சேர்ந்து நிற்பது, எல்லாம் பிள்ளைகள் முடிவு. 2010-ல் திரும்பப் போனபோது, வளர்ந்துவிட்ட சிலரை மறுபடி படம் எடுத்தார். ஆர்வம் காட்டிய பெண்பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்கவும் சொல்லிக் கொடுத்தார்.

'பாலைவனக் குறிப்புகள்' என்கிற இந்தத் தொடருக்கு 2023-ல் பிரி பிக்டே விருது கிடைத்தது. பரிசுத் தொகை ஒரு லட்சம் ஸ்விஸ் பிராங்க். தொடங்கியது 1999, விருது 2023. நடுவில் 24 வருஷம்.

இங்கதான் எனக்கு மனசுக்குள்ள ஒரு முள் குத்துச்சு. கேக்குற உங்களுக்கும் குத்தியிருக்கும்.

மூன்றாவது கேள்வி: சோறு?

"திரும்பத் திரும்பப் போ"ன்னு சொல்றது ஈஸி. ஆறு குளிர்காலம், முப்பது வருஷ நட்பு, இருபது வருஷ ராஜஸ்தான். கேட்க நல்லா இருக்கு. திரும்பப் போறதுக்கு பஸ் காசு வேணுமே? போன நாளைக்குச் சம்பளம் யார் கொடுப்பா? வீட்டு வாடகை, தங்கச்சி ஃபீஸ், எஜுகேஷன் லோன் இஎம்ஐ இருக்கிற ஒரு பையனிடம் "இருபது வருஷம் சாதகம் பண்ணு" என்று சொல்வது அறிவுரையா, கிண்டலா?

மேடைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிற அந்த மாணவருக்கு நேர்மையான பதில் என்ன? என்னைக் கேட்டால், நேரம்தான் இந்தக் கலையில் ரொம்ப விலை உயர்ந்த கருவி. லென்ஸ் இஎம்ஐயில் கிடைக்கும். நேரம் அப்படிக் கிடைக்காது. சிலருக்கு அது குடும்பத்திலிருந்து வருகிறது. மற்றவர்களுக்கு யாராவது கொடுத்தால்தான் உண்டு.

இதை நம்ம மதுரைக்காரர் ஒருத்தரை வச்சுப் பார்க்கலாம். எம். பழனி குமார். அம்மா மதுரையில் மீன் விற்கிறவர். அந்த அம்மாவின் உழைப்பையே பழனி படங்களாக எடுத்திருக்கிறார். மலக்குழி மரணங்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு இவர்தான். மனிதர்கள் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆட்கள் குழிக்குள் இறங்கிச் செத்துக்கொண்டிருந்ததைத்தான் அந்தப் படம் காட்டியது. படம் முடிந்த பிறகும் பழனி அந்தக் குடும்பங்களை விடவில்லை. கணவனையோ மகனையோ பறிகொடுத்த வீடுகளுக்குத் திரும்பப் போனார். பி. சாய்நாத் தொடங்கிய பாரி என்கிற கிராமப்புறச் செய்தித் தளத்தில் இப்போது போட்டோகிராபராக இருக்கிறார்.

இப்போ ஒரு கோடு போட்டுப் பாருங்க. 2022-ல் தயாநிதா சிங்குக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. போட்டோகிராபியில் உலகத்தின் மிகப்பெரிய விருதுகளில் ஒன்று. பரிசு 20 லட்சம் ஸ்வீடிஷ் குரோனா. அந்த விருதையொட்டி, பாரியோடு சேர்ந்து ஆவணப் போட்டோகிராபிக்கு ஒரு விருதை உருவாக்கினார் தயாநிதா. அதைப் பெற்ற முதல் ஆள் பழனி குமார்.

அகமதாபாத்தில் கீழே விழுந்த மாணவிக்கு ஒரு தபேலாக்காரர் ஆறு குளிர்காலத்தைக் கொடுத்தார். நாற்பது வருஷம் கழித்து அந்த மாணவி, மதுரையில் மீன் விற்கும் அம்மாவின் மகனுக்குக் கொஞ்சம் நேரத்தைக் கொடுத்தார். பழனியோ வியாசர்பாடிப் பிள்ளைகள் கையிலும், நாகப்பட்டினம் மீனவப் பெண்கள் கையிலும் கேமராவைக் கொடுத்து வகுப்பு எடுத்திருக்கிறார். இதுவரைக்கும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான் வட சென்னையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகள் எடுத்தபோது, தங்கள் வீட்டை, தங்கள் தெருவை எடுத்தார்கள். அவங்க திரும்பப் போகணும்னு அவசியமே இல்லை. அங்கேயேதான் இருக்காங்க.

என்னைப் பொறுத்தவரை ஒரு கலைஞர் மாணவருக்கு உண்மையிலேயே கொடுக்கக்கூடியது இதுதான். டிப்ஸ் யூடியூபில் கொட்டிக்கிடக்கிறது. "நீ பக்கத்துல நின்னு பாரு, நான் வேலை செய்யுறதை எத்தனை நாள் வேணும்னாலும் பாரு"ன்னு சொல்றதும், "இந்தப் பணத்தை வச்சுக்கோ, ஆறு மாசம் வேற வேலைக்குப் போகாம உன் வேலையைப் பாரு"ன்னு சொல்றதும்தான் அரிது.

அதனால் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தனியாகப் போனால் சோறு கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கதைகளில் யாருமே தனியாகப் போகவில்லை. அந்தக் கேள்வியை மாணவர் மட்டும் மெதுவாகக் கேட்கக் கூடாது. நல்ல சம்பளத்தில் இருக்கிற நாமளும், கல்லூரியும், விருது கொடுக்கிறவர்களும் சத்தமாகக் கேட்கணும்: யாருக்கு நேரம் கிடைக்குது, யாருக்குக் கிடைக்கலை?

சரி, நமக்கு என்ன?

இதைக் கேக்குற எல்லாரும் போட்டோகிராபர் ஆகப் போறதில்லை. ஆனா எல்லார் போன்லயும் ஆயிரக்கணக்குல படம் இருக்கு. இப்போ ஒரு வரி டைப் பண்ணினா, ஏஐ அழகான சூரிய உதயத்தையும் அழுகிற பாட்டியையும் சில நொடியில் போட்டுக் கொடுக்குது. "அப்போ போட்டோகிராபர் எதுக்கு?"ன்னு மாணவர்கள் கேக்குறாங்க. மோனா கதையைத் திரும்ப நினைச்சுப் பாருங்க. ஏஐ போட்டுத் தர்ற முகம் யாரும் "அந்த ரோலைத் திருப்பிக் கொடு"ன்னு கேக்க மாட்டாங்க. எதிரில் நிற்கிறவர் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் போட்டோ எடுப்பவருக்கு வேலை இருக்கிறது. 'சரி, எடு' என்று அவர் சொல்வதற்கும் அங்கேதான் மதிப்பு.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வீட்டுப்பாடம். கேமரா வாங்க வேண்டாம், போன் போதும். உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒரு ஆள், அவங்க சம்மதத்தோட. இஸ்திரி போடுற அண்ணன், அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டி தாத்தா, உங்க அம்மா, யார் வேணும்னாலும். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஒரே ஒரு படம். நடுவுல எதையும் போஸ்ட் பண்ணாதீங்க. பன்னிரண்டையும் ஒரே தாள்ல பிரிண்ட் போடுங்க. பக்கத்து ஜெராக்ஸ் கடையில கலர் பிரிண்ட் போதும். அந்தத் தாளை முதல்ல அவங்க கையில கொடுங்க. எது பிடிச்சிருக்கு, எது வேண்டாம்னு அவங்க சொல்லட்டும். வேண்டாம்னு சொன்னதை அழிச்சுடுங்க.

பன்னிரண்டாவது வாரப் படம் முதல் வாரப் படத்தை விட நல்லா இருக்கும்னு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். ஆனா பன்னிரண்டு வாரத்துக்கு அப்புறம் அந்த இஸ்திரி அண்ணன் பேர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

செஞ்சு பாத்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.